மே மாதக் கணித முகாம்களும் எல்லைப்புறப் பள்ளிகளும்

கேரளத்தில் மார்ச் இறுதியில் ஆண்டுத் தேர்வுகள் முடிந்து பள்ளிகளை அடைத்தால் மறுபடி திறப்பது ஜூன் முதல் தேதிவாக்கில்தான். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, முதலமடை என்று தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஊர்களில், இந்த இரண்டு மாதம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி கழிவதில்லை. கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள் பாலக்காட்டுக்கோ திருச்சூருக்கோ என்ட்ரன்ஸ் கோச்சிங் வகுப்புகளுக்குப் போகிறார்கள். மாந்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் கூலி வேலை பார்க்கும் வீடுகளில் மூத்த பிள்ளைகள் தோப்புக்குத் துணை போகிறார்கள், அல்லது தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார்கள். கணக்கில் உண்மையான நாட்டம் உள்ள பிள்ளை இரண்டு வகையிலும் உண்டு. ஆனால் அந்த நாட்டத்தை வளர்க்கும் ஏற்பாடு எதுவும் இந்த இரண்டு மாதத்தில் அவர்களைத் தேடி வருவதில்லை.

உலகின் சில இடங்களில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அப்படியோர் ஏற்பாடு நடந்து வருகிறது. பள்ளி மாணவர்களை நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒரே இடத்தில் தங்கவைத்து, காலை முதல் இரவு வரை கணிதத்திலேயே வாழவைக்கும் கோடை முகாம்கள் அவை. மதிப்பெண்ணுக்கோ நுழைவுத் தேர்வுக்கோ அவை தயார்ப்படுத்துவதில்லை. பெரும்பாலானவற்றில் தேர்வே கிடையாது. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான ஏற்பாடு என்றுதான் இவற்றைப் பற்றிப் பொதுவாகப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் விடுபட்டுப் போவது ஆசிரியர்களின் பங்கு. எங்கள் எல்லைப்புறத்தைப் போன்ற ஓர் இடத்தில் அந்தப் பங்குதான் முதலில் கவனிக்கத்தக்கது என்பது என் கருத்து.

வரலாறும் அதற்குச் சாதகமாகவே இருக்கிறது. இவ்வகை முகாம்களில் மிகப் புகழ்பெற்றதைத் தொடங்கியவர் ஆர்னால்ட் ராஸ். சிகாகோவில் பிறந்து, ஒடெஸாவில் வளர்ந்து, மீண்டும் சிகாகோ திரும்பிக் கணித ஆய்வாளரான அவர், 1946இல் அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் கணிதத் துறைத் தலைவரானார். அங்கே அவர் முதலில் ஏற்படுத்தியது ஆசிரியர்களுக்கான கோடைப் பயிற்சி. பள்ளி மாணவர்கள் அதில் சேர்ந்தது 1957இல். ரஷ்யா ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதைப் பார்த்து அஞ்சி அமெரிக்கா அறிவியல் கல்வியில் இறங்கியது என்று சொல்வது வழக்கம். ராஸின் மாணவர் முகாம் அந்த ஆண்டின் கோடையிலேயே நடந்துவிட்டது, ஸ்புட்னிக் பறந்ததோ அக்டோபரில். 1964 முதல் முகாம் ஒகையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. 2000 வரை ராஸ் அதை முன்னின்று நடத்தினார். 2002இல் தம் 96ஆம் வயதில் காலமானார். எளிய பொருள்களைப் பற்றி ஆழமாகச் சிந்தியுங்கள் என்பதே அவர் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது.

அந்த ஆழம் எப்படி வருகிறது என்பதை ஓர் உதாரணத்தால்தான் விளக்க முடியும். எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாக ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும் என்று பள்ளியில் கற்பிக்கிறோம். அறுபது என்றால் இரண்டு, இரண்டு, மூன்று, ஐந்து, வேறு வழியில்லை. பிள்ளைகள் இதை ஏற்றுக்கொள்கிறார்கள், ஏனென்றால் சந்தேகப்பட அவர்களுக்கு ஒரு காரணமும் தரப்படுவதில்லை. இப்போது நான்கால் வகுத்தால் மீதி ஒன்று வரும் எண்களை மட்டும் ஓர் உலகமாக எடுத்துக்கொள்வோம்: 1, 5, 9, 13, 17, 21, 25 என்று அது போகும். இவற்றில் எந்த இரண்டைப் பெருக்கினாலும் விடை இந்த உலகத்துக்குள்ளேயே விழும். ஆனால் 3 இங்கே இல்லாததால் 9ஐ உடைக்க முடியாது. 3ம் 7ம் இல்லாததால் 21ஐ உடைக்க முடியாது. 49க்கும் அதே நிலை. ஆகவே 9, 21, 49 மூன்றும் இந்த உலகத்தின் பகா எண்கள். அப்படியானால் 441ஐப் பாருங்கள். அது 21ஐ 21ஆல் பெருக்கியது. 9ஐ 49ஆல் பெருக்கியதும் அதுவே. ஒரே எண் இரண்டு வழிகளில் பகா எண்களாக உடைந்துவிட்டது.

இதைத் தானே கண்டுபிடித்த பிள்ளைக்கு, வழக்கமான எண்களில் ஏன் இப்படி நடப்பதில்லை என்ற கேள்வி முதல் முறையாக உண்மையான கேள்வியாகிறது. இதுவரை பாடப்புத்தகத்தின் ஒரு வரியாக இருந்தது இப்போது நிறுவல் தேவைப்படும் தேற்றமாகத் தெரிகிறது. முகாமின் வினாத்தாள்கள் இந்தத் திருப்பத்தை நோக்கியே அமைக்கப்படுகின்றன. விரிவுரையில் ஒரு கருத்து வருவதற்குப் பல நாட்கள் முன்பே அது குறித்த வினாக்கள் மாணவர் கைக்கு வந்துவிடும். அவர்கள் எண்களைப் போட்டுப் பார்த்து, பட்டியல் இட்டு, ஓர் ஒழுங்கை ஊகித்து, அந்த ஊகத்தை எழுதிவைத்திருப்பார்கள். விரிவுரையில் தேற்றத்தின் பெயரைக் கேட்கும் நாளில் அது ஏற்கெனவே அவர்களுக்குச் சொந்தமாகியிருக்கும். சில வினாக்களில் ஒரு கூற்றைக் கொடுத்து, நிறுவுங்கள், அல்லது மறுத்துக் காட்டுங்கள், தவறாக இருந்தால் எப்படித் திருத்தினால் உண்மையாகும் என்று சொல்லுங்கள் என்று கேட்பார்கள். கூற்று சரியா தவறா என்பது வினாத்தாளில் இருக்காது. பாடப்புத்தகத்துக் கணக்கு எதுவும் தவறாக இருக்காது என்ற நம்பிக்கையில் வளர்ந்த பிள்ளைக்கு இது முதலில் கலக்கமாகத்தான் இருக்கும்.

நேரமும் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. 5, 13, 17, 29 ஆகிய பகா எண்களை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாம்: ஒன்றும் நான்கும் ஐந்து, நான்கும் ஒன்பதும் பதின்மூன்று, ஒன்றும் பதினாறும் பதினேழு, நான்கும் இருபத்தைந்தும் இருபத்தொன்பது. 7, 11, 19, 23 ஆகியவற்றை அப்படி எழுத முடியாது. நான்கால் வகுத்தால் வரும் மீதியைப் பார்த்தால் ஒழுங்கு புலப்படும். மீதி மூன்று வரும் எண்ணை ஏன் எழுத முடியாது என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒரு பிற்பகலில் நிறுவிவிடலாம்: எந்த வர்க்கத்தை நான்கால் வகுத்தாலும் மீதி பூஜ்யமோ ஒன்றோதான், அவற்றில் இரண்டைக் கூட்டி மூன்றைப் பெற முடியாது. ஆனால் மீதி ஒன்று வரும் ஒவ்வொரு பகா எண்ணையும் எழுத முடியும் என்பதை நிறுவுவதற்கு வாரக்கணக்கில் கருவிகளைச் சேர்க்க வேண்டும். கணிதவியலாளர் ஃபெர்மா 1640இல் சொன்ன இதை, பின்னால் வந்த அய்லர் நிறுவுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஒரே வினாவின் பாதி ஒரு பிற்பகலிலும் மறுபாதி ஐந்து வாரத்திலும் முடியும் என்ற அனுபவத்தை நாற்பது நிமிடப் பீரியடு தர முடியாது. சர்வதேசக் கணித ஒலிம்பியாட் போட்டியாலும் முடியாது. நாலரை மணி நேரத்தில் மூன்று கணக்கு என்ற அளவுக்குள் அது இயங்குகிறது. ஒலிம்பியாடின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1989 முதல் இந்தியப் பிள்ளைகள் அதில் பங்கேற்பதால் விளைந்த நன்மை பெரிது. மெதுவாக யோசிக்கும் பிள்ளைக்கு அதில் இடம் குறைவு என்பதையே சொல்கிறேன். எல்லைப்புறப் பள்ளிகளில் நல்ல கணிதப் பிள்ளைகள் பலர் மெதுவானவர்கள். முதல் முறையாகத் தரப்பட்ட ஒன்றை மெதுவாகத்தானே தொட முடியும்.

ராஸின் முகாமில் படித்த கிளென் ஸ்டீவன்ஸும் அவரது தோழர்களும் 1989இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் புரோமிஸ் என்ற ஆறு வார முகாமைத் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டில், 1991இல், பள்ளி ஆசிரியர்களுக்கான பிரிவும் அதில் சேர்ந்தது. அந்தப் பிரிவில் ஆசிரியர்களுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று யாரும் வகுப்பெடுக்கவில்லை. மாணவர்கள் கையாண்ட அதே எண்கோட்பாட்டு வினாக்களோடு அவர்களும் போராடினார்கள், ஊகித்தார்கள், தவறாக ஊகித்தார்கள், கல்லூரி மாணவரான ஒரு வழிகாட்டி அவர்களுடைய நிறுவலில் இருந்த ஓட்டையைச் சுட்டிக்காட்ட மறுபடி எழுதினார்கள். பதினைந்து ஆண்டு பாடம் நடத்திய ஒருவர் விடை தெரியாத நிலையில் மீண்டும் அமர்வது சிறிய காரியம் அல்ல. அப்படி அமர்ந்தவருக்குத்தான், வகுப்பில் ஒரு பிள்ளை பேசாமல் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது யோசிக்கிறதா, திகைத்து நிற்கிறதா என்று பிரித்தறிய முடிகிறது. யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டியில் 1991 முதல் நடந்துவரும் கோடை நிறுவனத்தில் ஆய்வாளர்கள், பட்ட மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே காலத்தில் ஒரே ஊரில் கூடுகிறார்கள். அங்கேயும் ஆசிரியர்களின் காலைப் பொழுது கணக்குப் போடுவதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

கேரளத்து ஆசிரியர்களுக்கும் விடுமுறையில் பயிற்சி உண்டு. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடும் கிளஸ்டர் கூட்டங்களும் உண்டு. புதிய பாடப்புத்தகம், மதிப்பீட்டு முறை, வகுப்பறைச் செயல்பாடுகள் ஆகியவை அங்கே பேசப்படுகின்றன. அவை தேவைதான். ஆனால் ஆசிரியர் கணிதம் செய்யும் இடமாக அவை பெரும்பாலும் இருப்பதில்லை. பயிற்சி நடக்கும் மொழி மலையாளமாக இருப்பதால், தமிழ்வழிப் பள்ளியில் இருப்பவர் கேட்டதைத் தமக்குள் தமிழாக்கிக்கொண்டு வகுப்புக்குப் போக வேண்டியிருக்கிறது.

தொலைவில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி அதிகம் யோசித்தவர்கள் சோவியத் கணிதவியலாளர்கள். 1962 கோடையில் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் அருகிலும், 1963 கோடையில் மாஸ்கோ அருகிலும் நடந்த முகாம்களிலிருந்து முழு உறைவிடப் பள்ளிகளே உருவாயின. மாஸ்கோப் பள்ளியை ஏற்படுத்துவதில் முன்னின்ற கொல்மகோரவ், தலைநகரத்துப் பிள்ளைகளுக்கு வேறு வழிகள் உண்டு என்று கருதி, வெளி மாவட்டங்களின் சிற்றூர்ப் பிள்ளைகளுக்காகவே அதை அமைத்தார். முகாமுக்கும் வர முடியாத பிள்ளைகளுக்கென்று கெல்ஃபாண்ட் 1964இல் அஞ்சல்வழிக் கணிதப் பள்ளியைத் தொடங்கினார். வினாக்கள் அஞ்சலில் போகும். பிள்ளைகள் விடை எழுதி அனுப்புவார்கள். மாஸ்கோ மாணவர்கள் அவற்றைத் திருத்தி, குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவார்கள். அதில் ஓர் ஏற்பாடு எனக்கு மிகவும் அருமையாகத் தோன்றுகிறது. ஒரு பள்ளியில் சில பிள்ளைகள் தம் ஆசிரியரோடு சேர்ந்து ஒரு குழுவாக, ஒரே மாணவர் என்ற கணக்கில் பதிவு செய்துகொள்ளலாம். அந்தக் குழுவிலிருந்து ஒரே விடைத்தாள் போகும். தனியாகத் திணறக்கூடிய பிள்ளைக்கு அதனால் உள்ளூரிலேயே கூட்டாளிகள் கிடைத்தார்கள். ஆசிரியரும் திருத்துபவர் என்ற இடத்திலிருந்து இறங்கித் தேடுபவர்களில் ஒருவரானார்.

தொலைவு என்ற இடர் நமக்கும் புதிதல்ல. 1906 இறுதியில் ஆந்திரத்தின் குத்தியில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயர், கணித இதழ்களும் நூல்களும் தமக்கும் தம்மைப் போன்றவர்களுக்கும் எட்டாமல் இருப்பதைக் கண்டு நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். சந்தா சேர்த்து நூல்களை வாங்கி, அஞ்சலில் சுற்றுக்கு விடும் சிறு சங்கமாகத் தொடங்கிய அதுதான் இன்றைய இந்தியக் கணிதக் கழகம். ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்ததும் அந்தக் கழகத்தின் இதழில்தான். ஒரு ரயில்வே சந்திப்பு ஊரில் இருந்துகொண்டு அவர் தேடியது கணிதத் துணை; இன்று எருத்தேம்பதியில் கணக்கு டீச்சராக இருக்கும் ஒருவருக்கு, நூல்கள் அனைத்தும் செல்பேசியிலேயே கிடைத்தாலும், அந்தத் துணை இன்னும் கிடைக்கவில்லை.

இந்தியாவில் நீண்டகால முழுநேர முகாம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது, எஸ். குமரேசன் முன்னின்று 1993இல் தொடங்கிய கணிதப் பயிற்சி மற்றும் திறன் தேடல் திட்டம். எம்டிடிஎஸ் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். கல்லூரி மாணவர்களுக்கான நான்கு வாரக் கோடை முகாம் அது. ஆசிரியர் கேள்வி கேட்டுக்கொண்டே போக, விடையை மாணவர்களே கட்டி எழுப்புவது அதன் முறை. பள்ளி மாணவர்களுக்கு, சில ஆண்டுகளாக பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் புரோமிஸ் முறையிலான ஆறு வார முகாம் நடக்கிறது. கேரளத்தில் மாநிலக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமான எஸ்சிஇஆர்டி நடத்தும் நூமாட்ஸ் திட்டம் ஆறாம் வகுப்பிலேயே கணிதத் திறனுள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க முயல்கிறது. பாலக்காட்டில் 2015 முதல் ஓர் ஐஐடி இருக்கிறது. ஆகவே இந்த எல்லைப்புறத்தைச் சுற்றிக் கணிதம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அது ஆங்கிலத்தில் இருக்கிறது, தனி மாணவரைத் தேர்ந்தெடுத்து அழைத்துப் போகிறது, ஆசிரியரைப் பெரும்பாலும் ஊரிலேயே விட்டுவிடுகிறது என்பதுதான் குறை.

விட்டுவிடுவதால் என்ன ஆகிறது? முகாமிலிருந்து திரும்பும் பிள்ளை ஜூன் மாதம் அதே வகுப்பறையில் உட்கார்ந்து, ஏன் என்று கேட்கப் பழகிய வாயோடு கேட்கிறது. போர்ஷன் முடிக்க வேண்டிய ஆசிரியருக்கு அந்தக் கேள்வி இடைஞ்சலாகத் தெரிவது இயல்பே. பிள்ளை எங்கே போய் என்ன செய்தது என்று அவருக்குத் தெரியாது. சில வாரங்களில் பிள்ளை கேட்பதை நிறுத்திவிடும், அல்லது தன் பள்ளியை மதிக்காமல் போய்விடும். இரண்டும் இழப்பே. 2005 தேசியக் கலைத்திட்டச் சட்டகத்துக்காக ஆர். ராமானுஜம் தலைமையில் அமைந்த குழு தன் நிலைப்பாட்டு அறிக்கையில், நம் பள்ளிக் கணிதம் திறனுள்ள சிலரையும் ஒதுங்கிப்போன பலரையும் ஒருசேர ஏமாற்றுகிறது என்று சொன்னது. சிலரை மட்டும் வெளியே அழைத்துப் போகும் முகாம் அந்தச் சிலருக்கான ஏமாற்றத்தைத் தீர்க்கலாம். மீதி வகுப்பைத் தொட வேண்டுமானால் ஆசிரியரும் போய்வர வேண்டும்.

ஒரு பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியரும் மூன்று நான்கு பிள்ளைகளும் சேர்ந்து வரும் இரண்டு வார முகாமைச் சித்தூர் வட்டத்திலேயே நடத்துவதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆறு வாரத்துக்குப் பிள்ளையை, அதிலும் பெண்பிள்ளையை, பெங்களூருக்கு அனுப்பும் வீடுகள் இங்கே மிகக் குறைவு. அதே பிள்ளையின் சொந்தக் கணக்கு டீச்சர் கூடவே தங்குகிறார் என்றால், கொழிஞ்சாம்பாறையில் நடக்கும் முகாமுக்கு அனுப்பப் பல வீடுகள் சம்மதிக்கும். இதில் பண விஷயம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லைப்புறத் தமிழ்வழிப் பள்ளிகளில் நாள் ஊதியத்தில் இருக்கும் ஆசிரியர்களுக்கு விடுமுறை மாதங்களில் சம்பளம் இல்லை. அவர்கள் மே மாதத்தில் வேறு வேலை தேடித்தான் ஆக வேண்டும். முகாமுக்கு வரும் நாட்களுக்கு அவர்களுக்கு ஊதியம் தராமல், ஆர்வத்தின் பெயரால் அழைப்பது நியாயமாகாது. தோப்பு வேலைக்குப் போகும் பிள்ளைகளின் வீட்டுக்கும் அந்த இரண்டு வார வரும்படி இழப்புதான். உணவுக்கும் தங்குமிடத்துக்கும் கணக்கிடுபவர்கள் இவற்றையும் செலவில் சேர்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாயின் கோடை வெயில் 40 பாகையைத் தொடும் என்பதால், பிற்பகலை ஓய்வுக்கு விட்டு அதிகாலையிலும் இரவிலும் கணக்கு வைப்பதே நடக்கக்கூடியது.

மொழி குறித்து எனக்குத் தயக்கம் இல்லை. முகாம் தமிழில் நடக்க வேண்டும். கேரள அரசே தமிழ்வழிப் பிள்ளைகளுக்குக் கணிதப் புத்தகத்தைத் தமிழில் அச்சிட்டுத் தருகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வையும் அவர்கள் தமிழில் எழுதுகிறார்கள். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் மட்டு எண்கணிதம் பாடமாகவே இருப்பதால், மீதிகளைக் கொண்டு யோசிக்கத் தேவையான சொற்கள் தமிழில் ஆயத்தமாக உள்ளன. நிறுவல் என்பது ஒருவர் மற்றொருவரை வாதத்தால் ஒப்புக்கொள்ளச் செய்வது. வாதம் எந்த மொழியில் சரளமாக வருகிறதோ அந்த மொழியில்தான் பிள்ளை தன் ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும். கேரளத்துக்கு இது தெரிந்த செய்திதான். வட்டத்தின் சுற்றளவுக்கான முடிவிலாத் தொடரை நிறுவிக் காட்டும் யுக்திபாஷையை ஜ்யேஷ்டதேவர் 1530 வாக்கில் எழுதியபோது, சமஸ்கிருதச் செய்யுளை விட்டு மலையாள உரைநடையில்தான் எழுதினார். ஆங்கிலக் கலைச்சொற்களைப் பிள்ளைகள் பின்னால் கற்றுக்கொள்வார்கள், அதற்கு அதிக நாளாகாது.

வழிகாட்டிகள் யார் என்பது கடைசிக் கேள்வி. ராஸ் முகாம் முதல் எல்லா முகாம்களும் பெரிதும் சார்ந்திருப்பது சென்ற ஆண்டுகளில் அங்கே படித்துத் திரும்பிவந்த இளைஞர்களை; பேராசிரியரிடம் கேட்கக் கூசும் கேள்வியைப் பிள்ளை அவர்களிடம் கேட்கும். முதல் ஆண்டில் இங்கே அப்படி யாரும் இருக்க மாட்டார்கள். சித்தூர் அரசுக் கல்லூரியில் கணிதம் படிக்கும் தமிழ் மாணவர்கள் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம். அவர்களுக்கே எண்கோட்பாட்டில் ஒரு வார ஆயத்தம் தர, பாலக்காடு ஐஐடியின் ஆய்வு மாணவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஜூன் பிறந்த பிறகு கெல்ஃபாண்டின் ஏற்பாடு உதவும். மாதம் ஒரு வினாத்தாள் ஒவ்வொரு பள்ளிக்கும் போகட்டும். ஆசிரியரும் பிள்ளைகளும் வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் கூடி யோசித்து, ஒரே விடைத்தாளாகத் தமிழில் எழுதி, செல்பேசியில் படம் எடுத்து அனுப்பட்டும். கல்லூரி மாணவர்கள் அதைப் படித்து, எந்த வரியில் வாதம் அறுந்திருக்கிறது என்று குறித்துத் திருப்பி அனுப்பட்டும். விடைத்தாளின் தலைப்பில் பள்ளியின் பெயரும், அதன் கீழே பிள்ளைகளின் பெயர்களும், அதே வரிசையில் ஆசிரியரின் பெயரும் இருந்தால் போதும்.